நீரின் செலவும் நம் ஏரிகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரைப்பற்றி இன்று ஒரு நாழிகை பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தனர். ஒரு நாழிகையோ இருபத்துநான்கு நிமிடம். எடுத்துக்கொண்ட பொருளோ கரையற்றது. ஆதலால் கங்கையையும் பனிமலையையும் வருணித்துக் காலம் போக்காமல், ஒரே செய்தியை மட்டும் உங்கள்முன் வைக்க விழைகின்றேன். அஃதாவது, இவ்வுலகத்து நீர் மொத்தத்தில் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது நம்மிடத்துத் தங்கிச்செல்லும் காலமே நாளுக்குநாள் குறுகி வருகின்றது. இதனை நன்கு உணர்ந்தோமாயின், ஏரி எதற்கு, கிணறு எதற்கு, அவற்றை இழந்தால் நமக்கு என்ன நேரும் என்பன தாமே விளங்கும்.

தமிழிற் 'செலவு' என்னுஞ் சொல்லுக்குப் பழைய பொருள் போதல், பயணம் என்பதாம். இக்காலத்தில் அது கைப்பொருள் கழிதலைக் குறிக்கின்றது. நீரைப் பொறுத்தவரையில் இரு பொருளும் ஒன்றே. ஊரைவிட்டுச் சென்ற நீர் ஊருக்குச் செலவான நீர்தான்.

உலகத்து நீரின் அளவை விஞ்ஞானிகள் ஏறக்குறைய 138 கோடியே 60 லட்சம் கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். இவ்வெண் நம் மனத்திற் பதிவது அரிது. ஆகவே தாய்மார்கள் பொருட்டு இதனை வேறு வகையிற் சொல்லுகின்றேன். உலகத்து நீரனைத்தும் 1,000 குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் 15 லிட்டர் கொள்வது. அவற்றுள் 975 குடம் உப்பு நீர். எஞ்சிய 25 குடமே நன்னீர். அந்த இருபத்தைந்திலும் பதினேழு குடத்துக்குமேல் துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாய் உறைந்துகிடக்கின்றது. ஏழரைக் குடம் நிலத்துக்குள் மறைந்திருக்கின்றது. அதிலும் பெரும்பகுதி நம் கைக்கெட்டாத ஆழத்தது. உலகத்து நன்னீர் ஏரிகளையும் ஆறுகளையும் ஒன்றுசேர்த்தால் ஒரு லிட்டர்தான் தேறும். வானத்து மேகமும் ஆவியும் சேர்ந்து ஓராழாக்குக்கும் குறைவு. ஆறுகளை மட்டும் தனியே எடுத்தாலோ, கைக்குழந்தைக்குப் பால்புகட்டும் பாலாடை ஒன்று நிறையும், அவ்வளவே. நைல், கங்கை, காவேரி எல்லாம் அந்தப் பாலாடைக்குள் அடங்கிவிட்டன!

ஒரு பாலாடை நீரைக்கொண்டு இத்தனை தேசங்கள் எவ்வாறு பிழைக்கின்றன? அந்நீர் ஓயாமற் செலவாகி, ஓயாமல் மீண்டும் நிறைவதாற்றான். கடற்பரப்பினின்று ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன கிலோமீட்டர் நீர் ஆவியாக எழுகின்றது. அதிற் பத்தில் ஒன்பது பங்கு கடலிலேயே மழையாய் விழுந்துவிடும். மிஞ்சிய ஒரு பங்கைக் காற்று நிலத்தின்மேற் கொணர்கின்றது. நிலத்தினின்றும் மரஞ்செடிகளினின்றும் எழும் ஆவியும் அதனோடு கூடி மழையாகின்றது. வானத்திலுள்ள ஆவி முழுவதும் எட்டு ஒன்பது நாளைக்கொருமுறை மழையாய் இறங்கிப் புதிய ஆவி அவ்விடத்தை நிரப்புகின்றது. ஆற்று நீரோ இரண்டு மூன்று வாரத்திற் கடலை அடைந்துவிடுகின்றது. ஆழத்து நிலத்தடி நீர் மட்டும் நூற்றாண்டுக் கணக்காகவும், சிற்சில இடங்களிற் பல்லாயிரம் ஆண்டுக் கணக்காகவும் தங்கியிருக்கும்.

மழையே ஆற்றுக்கும் ஊற்றுக்கும் மூலம் என்பது இன்று பள்ளிச் சிறுவனும் அறிந்தது. ஐரோப்பாவிலோ பதினேழாம் நூற்றாண்டு வரையிற் கற்றோர் பலர், கடல்நீர் பூமிக்குள் இருக்கும் குகைகளின் வழியே மலைக்கு ஏறி ஊற்றாய் வெளிப்படுகின்றதென்று நம்பியிருந்தனர். மழை அத்தனை ஆற்றுக்கும் போதாது என்பது அவர்கள் எண்ணம். பிரெஞ்சு தேசத்துப் பியேர் பெரோ என்பவர் 1674-இல் வெளியிட்ட நூலில், ஸேன் ஆற்றின் தலைப்பகுதியிற் பெய்யும் மழையை அளந்து, ஆற்றில் ஓடும் நீரோடு ஒத்துப்பார்த்தார். மழை ஆறு மடங்கு மிகுதியாய் இருந்தது! சிண்டரெல்லா கதையை எழுதிய ஷார்ல் பெரோ இவருக்குத் தம்பி. தம்பியின் கதையை உலகக் குழந்தைகள் யாவும் அறியும். தமையனாரின் கணக்கை அறிந்தவர் சிலரே. ஆயினும் நீரைப்பற்றிய விஞ்ஞானம் அக்கணக்கிலிருந்தே கிளைத்தது.

நிற்க. இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஓராண்டில் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மழை பெய்கின்றது. இஃது இழிவான அளவன்று. இலண்டன் நகரத்து மழை இதனினும் குறைவு. ஆனால் இலண்டனில் அது பன்னிரண்டு மாதமும் தூறலாய் விழுகின்றது. நமக்கோ ஏறக்குறையப் பாதி மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் வடகிழக்குப் பருவக்காற்றால் வந்து முடிகின்றது. அதிலும் சில நாட்களிற் கொட்டித் தீர்த்துவிடும். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே சரிந்த நிலம். தடுப்பாரில்லையேல் ஐப்பசியிற் பெய்தது கார்த்திகையிற் கடலுக்குப் போய்விடும். அதன்மேற் சித்திரையும் வைகாசியும் எவ்வாறு கழியும்?

இந்நிலத்தின் இயல்பை நம் முன்னோர் தெளிவாய்க் கண்டிருந்தனர். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றிற் பதினெட்டாம் பாட்டாக உள்ளது. அரசனுக்குச் சொல்லவேண்டிய பெரும் புகழ்வழி எது என்று தேர்ந்து, பள்ளமான இடங்களில் நீரைத் தளைத்து நிறுத்துக என்றே அப்புலவர் சொன்னார். போர் வென்ற அரசனிடம் சென்று குளம்வெட்டச் சொல்லும் துணிவு அக்காலத்துப் புலவருக்கு இருந்தது.

அவ்வாறு தளைத்த நீர்நிலைகள், ஏரி, கண்மாய், குளம், ஏந்தல், தாங்கல் என ஊருக்கொரு பெயர் பூண்டு, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 உள்ளன. ஏரியைப் பார்ப்பவர் கரையையும் நீரையும் மட்டுமே காண்பர். ஏரியென்பது அவ்விரண்டோடு முடிவதன்று. மேட்டிலிருந்து மழைநீரைக் கொணரும் வரத்துக்கால் ஒன்று. நீர் பரந்து நிற்கும் உள்வாய் ஒன்று. வயலுக்கு விடும் மதகு ஒன்று. மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும் கலிங்கு ஒன்று. அதன்கீழ்ப் பயன்பெறும் ஆயக்கட்டு ஒன்று. ஓரூர் ஏரியின் கலிங்கு வழிவது அடுத்த ஊர் ஏரியின் வரவாகும். இங்ஙனம் மாலைபோற் கோத்த ஏரிகளில் மேலே ஒன்று தூர்ந்தாற் கீழுள்ள பத்தும் வாடும். மேலே ஒன்று உடைந்தாற் கீழுள்ள பத்துக்கும் ஆபத்து. பழைய குமிழித்தூம்புகளைப் பாருங்கள். நீர் செல்ல ஒரு துளையும், அடியிற் படியும் சேறு செல்ல வேறொரு துளையும் அமைத்திருந்தனர். ஏரி தூர்ந்துவிடும் என்பதனை ஏரி வெட்டும்போதே நினைத்துச் செய்த வேலை அது.

வேலையோடு நிர்வாகமும் இருந்தது. உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள், ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்கத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. (இவ்விதியை நம் சங்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாமென்று பொக்கிஷதாரர் முகக்குறிப்பிலிருந்து தெரிகின்றது.) ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலங்கள் விடப்பட்டிருந்தன.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். நாம் ஒரு குலத்தார் கூடியிருக்கும் சபையாதலின், மற்றொன்றையும் இங்கே சொல்லாது விடுதல் நேர்மையன்று. கரைக்கு மண் சுமந்தவரும், இரவில் மதகைக் காத்தவரும், வாய்க்காலில் நீரைப் பங்கிட்டு விட்ட நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுட் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை. ஊர்க்கிணற்றில் இறைக்க உரிமையும் இல்லை. மராட்டிய நாட்டு மஹாத் என்னும் ஊரிற் பொதுக்குளத்து நீரை எல்லாரும் எடுக்கலாமென்ற உரிமையை நிலைநாட்ட, 1927 மார்ச்சு 20-இல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருக நேர்ந்தது. வழக்கு 1937 வரையில் நடந்து பம்பாய் உயர்நீதிமன்றத்திற்றான் முடிந்தது. நம் ஊர் ஏரிக்கு வரும் வரத்துக்கால் பிற ஊர்களையும் பிற குலத்தார் நிலங்களையும் கடந்தே வருகின்றது. ஏரியை நாம் மட்டும் காப்போம் என்று ஒரு குலத்தார் சொல்லுவது நடவாத காரியம். முன்பு மண் சுமந்தவர் பேரப்பிள்ளைகளை ஏரிச் சங்கத்தில் நம்மோடு சமமாய் அமர்த்திக்கொள்ளாவிட்டால், அவர்கள் ஏன் இனி ஏரியைத் தமதென்று கருதவேண்டும்?

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் சர்க்கார் உடைமையாயின. பழைய மானியங்கள் பல போயின. குடிமராமத்து மட்டும் வேண்டுமென்று 1858-இல் அதனைச் சட்டத்தாற் கட்டாயமாக்கினர். உரிமை ஒருவரிடம், உழைப்பு மற்றொருவரிடம் என்றான பின்பு வேலை எவ்வாறு நடக்கும்? பின்னர் எண்ணெய் எஞ்சினும் மின்சாரப் பம்பும் வந்தன. தன் நிலத்திற் கிணறும், கிணற்றிற் பம்பும் உள்ளவனுக்கு ஏரிக்கரைக்குப் போகும் தேவை ஒழிந்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏரிகளாற் பாய்ந்த நிலம் தமிழ்நாட்டில் 9 லட்சம் ஹெக்டேருக்குமேல் இருந்தது. இப்பொழுது அதிற் பாதியும் இல்லை. பாசன நிலத்திற் பாதிக்குமேல் கிணற்றையும் ஆழ்துளையையுமே நம்பியிருக்கின்றது. ஏரிக்குள் நீருக்குப் பதில் சீமைக்கருவேலம் நிற்கின்றது.

சென்னையிலோ ஏரிகளே தெருக்களாயின. தியாகராய நகர் 1920-களில் நெடிய ஏரியொன்றை வற்றச்செய்து அமைத்த குடியிருப்பு. நுங்கம்பாக்கத்து ஏரியின் இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' என்றொரு சாலை உண்டு; அங்கே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஏரி தென்படாது. 2015 நவம்பர் ஒரு மாதத்தில் மட்டும் அந்நகரில் 1,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்தது. டிசம்பர் முதல் வாரத்தில் வீடுகளின் முதல்மாடி வரையில் வெள்ளம் ஏறிய தெருக்கள் உண்டு. நான்காண்டு கழிவதற்குள், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மூழ்கியதும் தாகத்தால் வாடியதும் ஒரே நகரம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றே. வந்த நீர் தங்க இடமில்லை.

இது கிடக்க. ஏரி வற்றினாலென்ன, நிலத்தடியில் நீர் இருக்கின்றதே என்பாருளர். நான் இன்று முக்கியமாய்ச் சொல்லவந்தது இதனைப்பற்றியே. நம் நாட்டு வெயிலில் ஏரியின் நீர்மட்டத்தில் ஓராண்டுக்கு ஐந்தாறடி ஆவியாகிவிடும். சற்று ஆழமற்ற ஏரிகளுக்கு இது பெருநஷ்டம். ஆயினும் நிறைந்துநிற்கும் சில மாதங்களில் ஏரி தன் அடியிலுள்ள மண்ணுக்கு நீரை ஊட்டிக்கொண்டேயிருக்கின்றது. அவ்வாறு உட்சென்ற நீரை வெயில் எளிதில் தீண்டாது. ஏரி நிறைந்த ஆண்டிற் கீழூர்க் கிணறுகளில் நீர் ஏறுவதை வயதானவர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஆகவே ஏரியைக் கைவிட்டுக் கிணற்றை நம்புவது, நெல் விதைப்பதை விட்டுக் குதிரை நம்பியிருப்பதை ஒக்கும். (இங்கே குதிர் என்று நான் சொல்வது நெற்குதிரையே; இளைஞர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்ள வேண்டா.) உலகத்தில் மற்றெந்தத் தேசத்தைக்காட்டிலும் நம் இந்தியா மிகுதியாய் நிலத்தடி நீரை எடுக்கின்றது, ஆண்டொன்றுக்கு அது ஏறக்குறைய 240 கன கிலோமீட்டராகும்.

கடற்கரையை அடுத்த ஊரினர் இன்னும் கூர்ந்து கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அங்கே நிலத்துக்கடியில் நன்னீரும் உப்புநீரும் எதிரெதிரே நிற்கின்றன. உப்புநீர் சற்றே கனமானது; ஆதலின் நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. டச்சுக்காரராகிய கைபன் என்பவரும் ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரையில் நன்னீர் இருக்கும். இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பம்பு வைத்து மேலே ஓரடி இறக்கினால், காலப்போக்கிற் கீழே உப்புநீர் நாற்பதடி ஏறிவரும்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்குமாகப் பல்லாண்டு நீர் இறைத்தனர். 1960-களின் இறுதியிற் கடலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அளவிற் புகுந்திருந்த உப்பு, பின்னர்ப் பத்துக் கிலோமீட்டரையும் கடந்தது. தோட்டக் கிணறுகள் உவர்த்தன. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அத்தகைய ஆலையில் ஆயிரம் லிட்டர் நீருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். வெயிலும் காற்றும் கூலியின்றிச் செய்துதரும் வேலையை நாம் மின்சாரக் கட்டணம் செலுத்திச் செய்துகொள்கின்றோம். உவர்த்த நிலம் மீண்டும் இனிப்பதற்கோ தலைமுறைகள் கழியவேண்டும்.

குழாயை மூடுங்கள், பல் விளக்கும்போது நீரை வீணாக்காதீர்கள் என்று பள்ளிகளிற் சொல்லிக்கொடுக்கின்றனர். நன்றே. ஆனால் நம் நாட்டில் எடுக்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வயலுக்கே செல்கின்றது என்பதனையும் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். ஒரு கிலோ அரிசி விளைவதற்கு உலகச் சராசரியில் ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் செலவாகின்றது. இலையில் மிஞ்சவிட்டு எறியும் ஒரு பிடிச் சோற்றில் ஒரு குடத்துக்குமேல் நீர் இருக்கின்றது. நம் கலியாணப் பந்திகளைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நான் சொல்லவில்லை. உழவர்களுக்கோ புதிதாய் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பாட்டனார் சொல்லிவந்ததனையே, வயலிற் குழாயொன்றைப் புதைத்து, உள்ளே நீர் அரையடி கீழிறங்கிய பின்பு பாய்ச்சுக என்று இக்காலத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லுகின்றனர். விளைச்சல் குறையாமலே நாலிலொரு பங்கு நீரை இதனால் மிச்சப்படுத்தலாம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில், 900 மில்லிமீட்டர் மழைக்கு, ஆண்டில் 83,000 லிட்டருக்குமேல் விழுகின்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், நால்வருள்ள குடும்பத்துக்கு ஐந்து மாதத்து நீர் அது. சிறிது வீணாகும் என்று தள்ளினாலும் நான்கு மாதத்துக்கு நிற்கும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் அக்காலத்தில் எங்கும் அமைந்தன. அவற்றுள் எத்தனை குழிகளில் இப்பொழுது மழைநீர் இறங்குகின்றது, எத்தனை குழிகள்மேற் சிமெண்டு பூசப்பட்டு மோட்டார் வண்டி நிற்கின்றது என்பதனை அவரவர் வீட்டுக்குச் சென்று பார்த்தறிக.

இச்சங்கம் என்ன செய்யலாம் என்பதில் என் அபிப்பிராயத்தைச் சொல்லி முடிக்கின்றேன். தீர்மானம் போட்டு அனுப்புவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம் அங்கத்தினர் பலருக்குச் சொந்த ஊர் ஒன்று உண்டு. அவ்வூரில் ஏரி ஒன்றும் உண்டு. கிராமத்துப் புலப்படத்தில் வரத்துக்கால் எவ்வழியே வருகின்றதென்று வரைந்திருக்கும். அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிற குலத்து அன்பர்களையும் உடனழைத்து, ஏரியிலிருந்து மேட்டை நோக்கி நடந்து பார்த்தல் வேண்டும். எவ்விடத்திற் கால் மறைகின்றதோ அவ்விடத்தில் யார் வீடு, யார் வேலி, யார் செங்கற்சூளை என்பது தெரிந்துவிடும். சிற்சில இடங்களில் அது நம்மவருடையதாகவே இருக்கக்கூடும். அங்ஙனமிருப்பின் முதலில் அதனை அகற்றுவது நம் கடமை. அதன்பின்னரே பிறரிடம் பேச நமக்கு வாயுண்டு.

அடுத்து, இளைஞர்கள் செய்யத்தக்க வேலை. ஊருக்கு மூன்று திறந்த கிணறுகளைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை, வைகாசியிலும் தையிலும், மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து எழுதுக. கல் கட்டிய கயிறு ஒன்று போதும். பள்ளியிற் படிக்கும் பெண்பிள்ளைகளும் இதனைச் செய்யலாம்; கிணற்றுக் கைப்பிடிச் சுவர் உறுதியாயிருக்கின்றதா என்று பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டாற் சரி. அவ்வளவுகளை நம் பத்திரிகைக்கு அனுப்பினால், ஊர்வாரியாக அச்சிடுவதற்குப் பத்திராசிரியரவர்கள் இசைந்திருக்கின்றார்கள். முதலளவு இந்த வைகாசி முடிவதற்குள் எடுக்கப்படுமாயின், மழைக்காலம் கழிந்து தையில் எடுப்பதனோடு ஒத்துப்பார்த்து, எவ்வூர் ஏரி கிணற்றுக்கு நீரூட்டுகின்றது, எவ்வூர் ஏரி பெயரளவில் நிற்கின்றது என்பதனை மாசி மாதக் கூட்டத்திற் பேசலாம்.